எவாண்டர் கப்பலின் நான்காம் கதவு

"சுத்தம், சார்."

அன்று காலை எட்டு மணிக்கு ஜேபெஸ் நான்ஸ் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். எவாண்டர் இரும்புக்கவசக் கப்பலின் கொதிகலன் அறையில், முகமெல்லாம் கரியோடு நின்றபடி சொன்னான். தலைமைப் பொறியாளர் கில்ஃபிலன் கையிலிருந்த பலகையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார். சொத்தைப் பல்லுக்காக ஒரு கிராம்பை எந்நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவர் அவர். போன பிறகும் அந்த வாசனை சற்று நேரம் அங்கே நின்றது.

சுத்தம் என்று சொன்னது நான்காம் கதவின் பள்ளத்தை. கொதிகலன் அறைக்கும் எந்திர அறைக்கும் நடுவில் இருந்த கதவு அது. கனத்த இரும்புப் பலகை, மேலிருந்து கீழே இறங்கும். மேல்தளத்தில் ஒருவன் சக்கரத்தைச் சுற்றினால் திருகு இறங்கி, பலகை இருபக்கச் சட்டங்களின் பள்ளத்தில் வழுக்கி வந்து தரையிலிருக்கும் பள்ளத்தில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போகாது. ஆனால் நாள் முழுக்கக் கரிவண்டி போய்வரும் வழி அதுதான். தரைப் பள்ளத்திலும் பக்கப் பள்ளங்களின் அடியிலும் கரித்தூள் விழுந்து மிதிபட்டுக் கல்லாக இறுகிவிடும். தினமும் காலையில் சுரண்டியாக வேண்டும்.

உலை ஆட்களுக்குத் தலைவனான நான்ஸ் அந்த வேலையை ஓபடயா கிரேக்கிடம் சொல்லியிருந்தான். கிரேக் லண்டன் துறைமுகத்து ஆள். கரி தள்ளுவதில் இரண்டு ஆள் பலம், வாய் நாலு ஆளுக்குச் சமம். "ஆகட்டும் பிரசங்கியாரே" என்றான். நான்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பேசுகிறவன் என்பதால் கிரேக் வைத்த பெயர் அது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்ஸ் நினைத்துக்கொண்டிருந்தபோதே மூன்றாம் உலையில் கசடு கட்டிக்கொண்டது. அதை உடைத்து எடுத்து நிமிரும்போது கில்ஃபிலன் எதிரில் நிற்கிறார். சுத்தமா என்று கேட்கிறார். பத்தடி தூரம். போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கலாம். பார்க்காமலே சொல்லிவிட்டான்.

அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. சொந்த ஊர் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் ஹேல். பதினேழு வயதுவரை தகரச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஒருநாள் பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கழுத்தளவு நீரில், இருட்டில், இரண்டு நாள் ஒரு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே எடுத்துப் போட்ட பிறகு, இனி மண்ணுக்குக் கீழே இறங்குவதில்லை என்று கடற்படையில் சேர்ந்தான். கடற்படை அவனைக் கடல் மட்டத்துக்குப் பதினைந்தடி கீழே, இரும்புக் கிடங்கில் கொண்டுபோய் நிறுத்தியது. கிரேக் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

எவாண்டர் கட்டி பதினொரு வருடமாகியிருந்தது. பக்கவாட்டில் எட்டு அங்குல இரும்பு, அதற்குப் பின்னால் பர்மாவிலிருந்து வந்த பத்து அங்குலத் தேக்கு. எந்தப் பீரங்கிக் குண்டும் துளைக்காது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஜிப்ரால்டரிலும் லிஸ்பனிலும் மக்கள் படகு பிடித்து வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் எதிரி என்று ஒருவனை நோக்கி அது ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. அந்தக் கவசமும் நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்தடி போய் நின்றுவிடும். அதற்குக் கீழே விரல் பருமன் தகடுதான். கரி அள்ளுகிற எல்லோருக்கும் அது தெரியும். அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கம்தான் அவர்கள் நின்றார்கள்.

அது 1876 செப்டம்பர். நான்கு இரும்புக்கவசக் கப்பல்கள் ஐரிஷ் கரையை விட்டு பிளிமத் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எவாண்டருக்குப் பின்னால் டெமெட்ரியஸ். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோதே மூடுபனி இறங்கிவிட்டது. கீழே இருந்தவர்களுக்குப் பனி தெரியாது. நீராவிச் சங்கு இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஊதுவதுதான் கேட்டது.

"மேல ஒண்ணுமே தெரியலையாம்" என்றான் கரிவண்டி தள்ளிவந்த ஒருவன். "பாய்மரத்தோட பாதிக்கு மேல காணோமாம்."

"எனக்கு இங்க என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றான் கிரேக். "பிரசங்கியாரோட மூஞ்சி மட்டும்தான் தெரியும். அதுக்குப் பனியே தேவலாம்."

ஆட்கள் சிரித்தார்கள். அப்போது எந்திர அறையில் மேலிருந்து வரும் கட்டளை மணி அடித்தது. நிறுத்து. உடனே மறுபடி அடித்தது. பின்னோக்கு. நான்ஸ் மண்வாரியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். சங்கு ஊதியது. அதற்குப் பதிலாக இன்னொரு சங்கு ஊதியது. மிகப் பக்கத்தில்.

குறுக்கே வந்த ஒரு நார்வே மரக்கப்பலுக்கு வழிவிட எவாண்டர் திரும்பியதும், பின்னால் வந்த டெமெட்ரியஸ் பனியைக் கிழித்துக்கொண்டு நேரே வந்ததும் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில் தெரிந்ததெல்லாம், கப்பல் யாரோ தோளால் இடித்தது போல ஒரு பக்கமாக நகர்ந்ததுதான். பெரிய சத்தம்கூட இல்லை. கரிக்குவியல் சரிந்தது. ஒரு விளக்கு விழுந்து உடைந்தது. பிறகு அந்த ஓசை கேட்டது. மற்றவர்கள் நீராவிக் குழாய் உடைந்தது என்று நினைத்தார்கள். பத்தொன்பது வருடம் கழித்தும் நான்ஸின் காதுக்கு அது என்னவென்று தெரிந்தது.

"தண்ணி" என்றான்.

நான்காம் கதவின் வழியே எந்திர அறை தெரிந்தது. இடப்புறச் சுவரில், டெமெட்ரியஸின் முன்முனையிலிருந்த இரும்பு இடிமூக்கு குத்திவிட்டுப் பின்வாங்கிய இடத்தில், ஒரு மாட்டுவண்டி நுழையுமளவுக்குப் பிளவு. கடல் பச்சையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எந்திர ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஏணியில் ஏறினார்கள். எல்லோரும் ஏறிவிட்டதைப் பார்த்த பிறகு, கில்ஃபிலன் மேல்தளம் வழியாகச் சுற்றிவந்து கொதிகலன் அறைக்குள் இறங்கினார்.

"நாலாம் கதவு! மேல சுத்தச் சொல்லிட்டேன். தள்ளி நில்லுங்க! அந்த அறை போனா போகட்டும். இங்க தண்ணி வராம இருந்தா பம்ப் ஓடும். பம்ப் ஓடினா கப்பல் மிதக்கும்."

கதவு கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நின்றது. மேலே சக்கரத்தைச் சுற்றுகிறவர்கள் முக்குவது கேட்டது. கதவு அசையவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் தண்ணீர் தகடு தகடாகப் பாய்ந்து வந்தது.

கில்ஃபிலன் கதவைப் பார்த்தார். பிறகு நான்ஸைப் பார்த்தார்.

"காலையில சுத்தம்னு சொன்னியே."

நான்ஸ் கிரேக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. உலைக்கம்பியை எடுத்துக்கொண்டு கதவடியில் முழந்தாளிட்டான். இன்னொரு கம்பி பக்கத்தில் வந்து குத்தியது. கிரேக்தான். வயிறு தரையில் படக் குப்புறப் படுத்து, முகத்தில் தண்ணீர் அறைய அறைய, பள்ளத்தில் இறுகிப்போன கரியைக் குத்தினான். மூச்சுக்கு முகத்தை வெளியே எடுப்பான், துப்புவான், மறுபடி நுழைப்பான். நீரின் வேகம் அவனை இழுத்துப் போடாமலிருக்க நான்ஸ் ஒரு கையால் அவன் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தினான்.

"இறங்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

கதவு இறங்கியது. நாலு விரல்கடை மிச்சம் வைத்து மறுபடி நின்றது. அதற்குமேல் கம்பியைச் சாய்த்துக் குத்த இடமில்லை. விரல்களை விட்டுத் தோண்டினார்கள். கிரேக்கின் நகங்கள் பெயர்ந்தன. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. சாம்பல் குழிகளில் ஏறி உஸ்ஸென்று சீறியது.

மேலே ஏணி வாயில் ஓர் இளம் அதிகாரியின் தலை தெரிந்தது. "மிஸ்டர் கில்ஃபிலன், எவ்வளவு நேரம் தாங்கும்னு கேப்டன் கேக்கறார்!"

கில்ஃபிலன் உலைகளைப் பார்த்தார். ஐந்து கொதிகலன்கள், முழு நீராவியோடு. நெருப்பை அணைத்தால் பம்புகள் நின்றுவிடும், கப்பல் போய்விடும். அணைக்காமல் விட்டு, சிவக்கக் காய்ந்த கொதிகலன்மேல் குளிர்ந்த கடல் ஏறினால், அது வெடிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பலில் நானூற்று ஐம்பது பேர் இருந்தார்கள்.

"தாங்காதுன்னு சொல்லுங்க" என்றார். "படகை இறக்கச் சொல்லுங்க. கொதிகலன் வெடிக்காம பாத்துக்கறேன், ஒரு மணி நேரம் நான் வாங்கித் தரேன்." பிறகு திரும்பினார். "வால்வை நான் திறக்கறேன். நான்ஸ், நெருப்பை வெளிய இழு. எல்லா உலையும்."

பாதுகாப்பு வால்வுகள் திறந்ததும் புகைபோக்கியோரம் நீராவி அலறிய அலறலில் அதற்குப் பிறகு யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. உலைக் கதவுகளைத் திறந்து, நீண்ட கொக்கிகளால் கனன்ற கரியை வெளியே இழுத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெந்நீராவி எழுந்து முகத்தைச் சுட்டது. ஒருவன் கையைப் பொத்திக்கொண்டு விழுந்தான். அவனைத் தூக்கி ஏணியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு உலை காலியானதும் அதன் ஆட்களை நான்ஸ் முதுகில் தட்டி மேலே அனுப்பினான். பத்துப் பேர். ஆறு பேர். மூன்று பேர். கடைசி உலைக்கு அவனும் கிரேக்கும் மட்டுமே நின்றார்கள். கில்ஃபிலன் ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு விளக்கைப் பிடித்தார்.

கடைசி நெருப்பு தண்ணீரில் விழுந்ததும் அறை இருண்டது. நீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. அப்போதுதான் நான்ஸுக்குக் கால் வரவில்லை. ஏணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கையும் அதன் கம்பியைப் பிடித்துவிட்டது, ஆனால் கால் எழும்ப மறுத்தது. பதினேழு வயதில் நின்றது போலவே நின்றான்.

பின்னாலிருந்து கிரேக் அவன் காதுக்குள் கத்தினான். "யோவ், மூழ்கணும்னா ஓரமா போய் மூழ்கு! ஏணிய மறிச்சுக்கிட்டு நிக்கற? உனக்குப் பின்னால இன்னொருத்தன் இருக்கான்யா!"

கத்தியதோடு நிற்காமல் தோளைக் கொடுத்து அவனை நெட்டித் தள்ளினான். முதல் படி ஏறியதும் மற்றப் படிகள் தாமாக வந்தன.

கில்ஃபிலன் சொன்னபடியே ஒரு மணி நேரத்துக்கு மேலும் பத்து நிமிடம் கிடைத்தது. பனிக்குள் படகுகள் போய்வந்து, நானூற்று ஐம்பது பேரையும் டெமெட்ரியஸில் ஏற்றின. ஓர் உயிர் போகவில்லை. எல்லோரும் அதன் தளத்தில் நின்று பார்த்தார்கள். எவாண்டர் பின்புறமாக உட்கார்ந்து, ஒரு முறை பெருமூச்சு விட்டது போல் காற்றை வெளியேற்றி, இறங்கிப் போனது. ஒரு பீரங்கிக்காரர், நரைத்த தாடிக்காரர், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான்ஸின் பக்கத்தில் கிரேக் வந்து நின்றான். இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது.

"நான் செய்யல" என்றான், தண்ணீரைப் பார்த்தபடி. "சாப்பாட்டுக்கப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டேன்."

"தெரியும்."

"நீயும் பாக்கல."

"தெரியும்."

கிரேக் குரலைத் தாழ்த்தினான். "மோதின வேகத்துல கதவுச்சட்டம் வளைஞ்சுபோச்சு. அவ்வளவுதான். நூறடிக்கு மேல ஆழம். யார் போய்ப் பாக்கப் போறான்?"

நான்ஸ் அவனை விட்டுத் தளத்தின் மறுபக்கத்துக்கு நடந்து போனான்.

விசாரணை மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குள் அவர்கள் குடியிருந்த துறைமுக ஊரான டெவன்போர்ட் முழுக்க, கதவு மூடியிருந்தால் கப்பலை இழுத்துக்கொண்டே கரை சேர்த்திருக்கலாம் என்று பேச்சாகிவிட்டது. பழி கில்ஃபிலன் தலையில்தான் விழும் என்றார்கள். நான்ஸ் வீட்டில் பேசாமல் சாப்பிட்டான், பேசாமல் படுத்தான். அவன் மனைவி கெசையா, தையற்காரி, பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் காலையில் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கதவுல உனக்கென்ன பங்கு? சொல்லிடு."

சொன்னான்.

"நீ வாயத் தொறந்தா கப்பல் மேல வந்துடுமா?"

"வராது."

"அப்பறம்?"

"கில்ஃபிலன் எம்பேர முதல்ல விசாரிச்ச அதிகாரிங்ககிட்ட சொல்லலையாம், கெசையா. எத்தனையோ தடவை கேட்டாங்களாம். என் கீழ இருக்கறவங்க பொறுப்பு என்னோடதுன்னுட்டாராம்."

"அவரு சொல்லலன்னா அவரு பெரிய மனுஷன். அவருக்குப் பதவி உயர்வு போகும். உனக்கு ஜெயிலு. ரெண்டும் ஒண்ணா?" அவள் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தாள். "நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எங்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"நீதான கேட்ட."

"கேட்டது என் தப்புதான்" என்று எழுந்துபோய் அடுப்பை வெறிகொண்டு கிளறினாள்.

விசாரணை துறைமுகத்தில் நிறுத்தியிருந்த ஒரு பழைய மரக்கப்பலில் நடந்தது. பின்புற அறையில் நீண்ட மேசை, அதன் பின்னே தங்கச் சரிகையோடு ஒன்பது அதிகாரிகள். கடற்படை வழக்கப்படி, மேசைமேல் எவாண்டர் கேப்டனின் வாள் குறுக்காகக் கிடந்தது. கில்ஃபிலன் ஒருபுறம் விறைப்பாக நின்றிருந்தார், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. நான்ஸுக்கு முன்னால் கப்பல் தச்சர் சாட்சி சொன்னார். அப்படிப்பட்ட மோதலில் கதவுச்சட்டம் வளைந்திருக்கக்கூடும், வளையாமலும் இருந்திருக்கக்கூடும் என்றார். ஒன்பது பேரில் சிலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பனியைக் குற்றம் சொல்லலாம், இரும்பைக் குற்றம் சொல்லலாம்.

பிறகு நான்ஸைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தில் கை வைத்தான். தலைமை தாங்கிய முதிய அதிகாரி கேட்டார்:

"மோதலுக்குப் பிறகு கதவு முழுசா மூடல. சட்டம் வளைஞ்சதுதான் காரணம்னு நினைக்கிறாயா?"

சாட்சிகளின் பெஞ்சில் கிரேக் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கைகளில் தொப்பியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். ஆமாம் சார் என்று இரண்டு சொல். அவ்வளவு போதும். கில்ஃபிலன் அவனைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போகும் ஒரு படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார்" என்றான் நான்ஸ். "சட்டம் வளையல. பள்ளத்துல கரி இறுகியிருந்தது. மோதறதுக்கு முன்னாடியே."

அறையில் ஒரு பேனா மட்டும் கீறிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"அன்னைக்குக் காலை சுத்தம்னு தகவல் கொடுத்தது யார்?"

"நான்தான் சார்."

"பாத்துட்டா கொடுத்தாய்?"

"பாக்கல சார். பாக்காமலே சொன்னேன். மிஸ்டர் கில்ஃபிலன் என் வார்த்தைய நம்பினார்."

முதியவர் முன்னால் சாய்ந்தார். "சுரண்டற வேலையை யாரிடம் ஒப்படைத்தாய்?"

நான்ஸ் வேதப் புத்தகத்தைப் பார்த்தான்.

"பெயர் கேட்கிறேன்."

"எனக்குக் கொடுத்த பொறுப்பு சார் அது. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்கல."

"உண்மை முழுவதையும் சொல்வேன்னு இப்போதான் சத்தியம் பண்ணினாய்."

"பண்ணினேன் சார்." அவன் நிமிர்ந்து நின்றான். "அந்த ஒரு பேரை மட்டும் சொல்ல மாட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ அதையும் சேத்துக் கொடுத்துடுங்க."

பெஞ்சில் யாரோ எழுந்திருப்பதுபோல ஓர் அசைவு கேட்டது. நான்ஸ் காத்திருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. கிரேக் தொப்பியைத் திருகுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டனிடமிருந்து கப்பல் பதவி பறிபோனது. கில்ஃபிலனுக்கு, தானே குனிந்து பார்க்காத குற்றத்துக்காகக் கடும் கண்டனம் மட்டும். நான்ஸ் கடைநிலைக் கரிக்காரனாக இறக்கப்பட்டான். நாற்பத்திரண்டு நாள் சிறை. இரண்டு காவலர்கள் அவனை வெளியே அழைத்துவந்தபோது, நடைவழியில் கில்ஃபிலன் நின்றிருந்தார். ஒரு நிமிடம் நிற்கும்படி காவலர்களிடம் சைகை செய்தார்.

"நன்றி சொல்வேன்னு எதிர்பாக்காதே" என்றார். "அன்னைக்குப் பத்தடி நடந்து போய்ப் பாத்திருந்தா ரெண்டு பேரும் இங்க நின்னிருக்க மாட்டோம்."

"ஆமா சார்."

அவர் கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். போகப் போனவர் திரும்பினார். "நெருப்பை இழுத்தது நல்லா இழுத்தே. அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன். அவங்க படிக்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சிறையில் நான்ஸுக்குப் பழங்கயிறு பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். விரல்கள் மரத்துப்போயின. முதல் சில இரவுகள் தண்ணீர் ஓசையோடு விழித்தான், பிறகு அதுவும் குறைந்தது. நாற்பத்திரண்டாம் நாள் காலை கதவைத் திறந்துவிட்டபோது தூறிக்கொண்டிருந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம் கெசையா தலையில் சால்வையோடு நின்றிருந்தாள். துணியில் சுற்றிய பொதியைக் கையில் கொடுத்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட அடை, இன்னும் சூடாக இருந்தது. அவன் மழையில் நின்றபடியே பாதியைத் தின்றான்.

"அந்த லண்டன்காரன் வந்தான்" என்றாள் அவள், நடக்கத் தொடங்கிய பிறகு.

"கிரேக்கா?"

"பேரு சொல்லல. கையெல்லாம் தழும்பு. வாசல்ல ஒரு மூட்டை கிழங்க இறக்கி வெச்சுட்டு நின்னான். வாயத் தொறந்தான், மூடினான். தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னான். அழுதான். நான் கதவைச் சாத்திட்டேன்."

நான்ஸ் கையிலிருந்த அடையைப் பார்த்தான்.

"இது அந்தக் கிழங்கா?"

"பின்ன? நீ உள்ள இருந்தப்போ வீட்டுல என்ன இருந்துச்சுன்னு நினைச்ச?" அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவனை நான் மன்னிக்கல. உன்னையும் இன்னும் மன்னிக்கல. சீக்கிரம் தின்னுட்டு நட, மழை வலுக்குது."